ஜன்னலோரக் குளவிக்கூடு

"ஏலே பாண்டி, அந்தக் கேமராவத் தூக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் போனே, இன்னைக்கு உனக்குச் சோறு கிடையாது."

முத்துப்பேச்சியின் குரல் மில் சங்கு மாதிரி. தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

மகன் பாண்டியராஜ் கேமராவைக் கழுத்தில் மாட்டியபடியே நின்றான். வேடசந்தூர் மில்லில் ஷிப்டு முடிந்து வந்தால் அவனுக்கு இதுதான் வேலை. எறும்பு, ஈ, வண்டு என்று எதையாவது மூக்குக்கு நேரே போய்ப் படம் பிடிப்பான். கொசுவின் முழங்காலைக்கூட விட்டுவைத்ததில்லை.

"ஒரே ஒரு படம்மா. குளவி மண்ணு உருட்டிட்டு வந்தது, பச்சைப்புழுவக் கொட்டி மயக்கித் தூக்கிட்டு வந்தது, எல்லாம் எடுத்துட்டேன். வாசலை அது மூடிருச்சான்னு பாக்குறது மட்டும்தான் பாக்கி."

"அதான் ரெண்டு நாளா அதக் காணோமே. எல்லாம் உன் வெளிச்சம் பட்டுத்தான்."

"வேலை முடிஞ்சா அது ஏம்மா வரப்போகுது? முட்டை போட்டு, புழுவ உள்ள வச்சு, மூடிட்டுப் போயிரும். குஞ்சு பொரிச்சு அந்தப் புழுவத் தின்னு வளந்துக்கிரும்."

"நீ பெரிய குளவி டாக்டரு. குளவி கூடு கட்டுன வீட்ல பிள்ளை தங்கும்னு ஊரே சொல்லுது. இவரு படம் எடுக்குறாராம், படம்."

அவன் மனைவி கௌசல்யா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இது மூன்றாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறையும் இந்த மாதத்தில்தான் கலைந்து போனது. நாளைக்குத் திண்டுக்கல்லில் ஸ்கேன்.

போன வாரம் குளவி வந்து மண் அப்பியதிலிருந்து வீட்டில் புதுச் சட்டங்கள். அந்தப் பக்கம் ஒட்டடை அடிக்கக் கூடாது. மருமகள் அங்கே துணி காயப் போடக் கூடாது. ஃபேன்கூட ஒன்றாம் நம்பரில்தான் ஓட வேண்டும்.

"வேணாங்க," என்றாள் கௌசல்யாவும். "அத்தை சொல்றதக் கேளுங்க."

மாமியாரும் மருமகளும் ஒரே பேச்சுப் பேசுவது கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் முதல் தடவை.

பாண்டியராஜுக்கு எரிச்சலாக வந்தது. நேற்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏற்கெனவே இருக்கிற பயத்தோடு இந்தப் பயத்தையும் சேர்த்து அம்மா அவள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறாள். கூடு பத்திரமாக மூடியிருப்பதைப் படத்தில் காட்டிவிட்டால் ரெண்டு பேரும் அடங்குவார்கள்.

அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். கௌசல்யா குளிக்கப் போனாள்.

ஜன்னலோரம் குத்த வைத்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கிளிக்.

கேமராத் திரையில் படத்தைப் பெரிசாக்கினான். குளவி பூசிய மண் வரிவரியாக இருக்கும். இங்கேயும் வரி இருந்தது. ஆனால் வட்டமாக, சுழித்துக்கொண்டு.

இன்னும் பெரிசாக்கினான்.

கட்டைவிரல் ரேகை. ரேஷன் கடை மிஷினில் வைத்த மாதிரி, அம்புட்டுச் சுத்தமாக.

கூடு உடைந்திருக்கிறது. யாரோ ஒட்டி வைத்திருக்கிறார்கள். கௌசல்யாவுக்குத் தெரிந்தால்? நாளைக்கு அந்த ஸ்கேன் ரூமுக்குள் எப்படிப் போவாள்?

"எடுத்துட்டியா?"

பின்னால் அம்மா. குரல் உதட்டைத் தாண்டவில்லை.

"அம்மா, இது..."

"மெதுவாப் பேசு அப்பு. நேத்து பல்லி ஒண்ணு கூட்டுக்கிட்டப் போச்சு. விரட்டப் போயி விளக்கமாத்துக் கட்டை பட்டு ஒரு பக்கம் பேந்துருச்சு. மண்ணக் கொழைச்சு நான்தான் ஒட்டி வச்சேன்."

"நீயே ஒடைச்சிட்டு எங்களையா..."

"பிள்ளை தங்குறதும் தங்காததும் சாமி கையில. எனக்குத் தெரியாதா? ஆனா அவ நெஞ்சு தெம்பா இருக்கணும்ல. ரெண்டு பறிகொடுத்தவ. இதப் பாத்தா ஒடைஞ்சு போயிருவா. அந்தப் படத்த அழிச்சிரு."

பாண்டியராஜ் படத்தை அழித்துவிட்டான்.

கௌசல்யா தலையைத் துவட்டியபடி வந்தாள். அவன் கையில் கேமராவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். மாமியார் மறுபடி மாட்டுப் பக்கம் போனதும்தான் கிட்டே வந்தாள்.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்தேன். குளவி ஜோரா மூடிட்டுப் போயிருச்சு. நீ பயப்படாத."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பொய் சொல்லாதீங்க. அதுல என் விரல் தெரிஞ்சிருக்குமே. காலையில ஒரு துண்டு கீழ விழுந்து கெடந்துச்சுங்க. பாத்தா அத்தை பயந்து போயிருவாங்கன்னு நான்தான் எடுத்து ஒட்டி வச்சேன்."