பட்டியலில் முதலிடம்

அன்று மதியம் அந்த அறையில் இருந்தவர்கள்: அக்கா, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், பன்னிரண்டு வயது மகள் சிட்டு. அப்புறம், கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்பதால் வரவழைக்கப்பட்ட தம்பி.

சிட்டு பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். சுவரில் பதினான்கு சர்டிபிகேட், அத்தனையும் லேமினேட் செய்தவை. கடைசியாக வந்தது அவளை 'இளம் பொறியாளர்' என்றது.

"ரெண்டு வருஷமா ஆன்லைன் கோடிங் கிளாஸ்டா," என்றாள் அக்கா. "போன வாரம் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீமுக்கு ஆள் எடுத்தாங்க. வெறும் ஸ்கிரீனக் குடுத்து, அஞ்சு வரி புரோகிராம் எழுதுன்னாங்களாம். இவ முக்கா மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வந்திருக்கா."

"கலர் கட்டை வரும்னு பாத்துட்டே இருந்தேன் மாமா," என்றாள் சிட்டு. "எங்க ஆன்லைன் கிளாஸ்ல கட்டைய இழுத்து இழுத்து ஒட்டினா பொம்மை நடக்கும். அங்க கட்டையே வரல."

யாரும் சிரிக்கவில்லை.

"மூணு மாசம் கழிச்சு இன்னொரு சான்ஸ் தர்றாங்க," என்றாள் அக்கா. "அதுவும் போச்சுன்னா இனிமே கம்ப்யூட்டரத் தொடவே மாட்டேங்கறா. வேற எந்த கிளாஸ்ல சேர்க்கலாம்? நீதான் சொல்லணும்."

அத்தான் லேப்டாப்பைத் தம்பி பக்கம் திருப்பினார். "இந்த லிஸ்ட்டப் பாத்துதான் சேர்த்தோம் மச்சான். குழந்தைகளுக்கான பத்து சிறந்த கோடிங் தளங்கள். முதல் இடம் எதுக்குன்னு பாரு."

அவன் பார்க்கத் தேவையில்லை. அந்தப் பட்டியலை எழுதியவனே அவன்தான்.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நைட் ஷிஃப்டில் சேர்ந்த கம்பெனியில் அவனுக்கு அதுதான் வேலை. வீட்டில் 'கம்ப்யூட்டர் வேலை' என்று மட்டும் சொல்லியிருந்தான். வாரம் முப்பது பட்டியல்: மெத்தை, கீசர், நாய் பிஸ்கட். எது முதலில், எது கடைசியில் என்று மேலிடமே சொல்லிவிடும். அனுபவப்பட்டவர் பேசுவதுபோல் பத்திகளை நிரப்புவது மட்டும் அவன் பொறுப்பு.

கோடிங் பட்டியலுக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது. பத்தில் ஒன்றைக்கூட அவன் திறந்து பார்க்கவில்லை. எழுதியவர் 'ஒரு தாய், மென்பொருள் பொறியாளர்' என்று போட்டு, எவளோ ஒருத்தியின் சிரித்த முகத்தை மேலே ஒட்டினார்கள். யாரோ படிப்பார்கள், யாரோ ஏமாறுவார்கள் என்று நினைத்திருந்தான். அந்த யாரோ தன் வீட்டிலேயே இருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "'என் மகள் யோசிக்கும்போது பின்னல் நுனியைக் கடிப்பாள். இந்தத் தளத்தில் சேர்ந்த ஆறாவது மாதம் தானாகவே ஒரு விளையாட்டை எழுதி முடித்துவிட்டாள்.' கேட்டியா? நம்ம கழுதை மாதிரியே ஒரு கழுதை அந்த வீட்லயும் இருந்திருக்கு!"

"படிச்சது போதும்," என்றாள் அக்கா.

"இல்ல, கேக்கறேன். நாங்க லிஃப்ட் மாட்டினா, மொதல்ல நாங்க ஏறி மேலயும் கீழயும் போய்ப் பாப்போம். அப்புறம்தான் ஜனத்த ஏத்துவோம். இந்தப் பொம்பள ஏறியே பாக்கல மச்சான். அவ மட்டும் என் கையில கிடைச்சா..."

"எழுதினவங்களத் திட்டாதீங்க," அக்கா குறுக்கிட்டாள். "அவங்களுக்கு என்ன கஷ்டமோ."

"நல்லாயிருக்குடி உன் நியாயம்!"

நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது தம்பியின் நாக்கு நுனிவரை வந்து நின்றுகொண்டது.

சிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, நெஜமாச் சொல்லு. கிளாஸ் மோசமா, இல்ல எனக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்லையா?"

"சே, அப்படியெல்லாம் இல்ல."

"அப்ப அந்த ஆன்ட்டியோட பொண்ணு மட்டும் எப்படி எழுதிச்சு? நானும் அதே கிளாஸ்தானே?"

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு..." என்று இழுத்தான் அவன். "கொஞ்சம் கெட்டிக்காரியா இருந்திருக்கும்."

சிட்டு தலையாட்டினாள். அவள் அதை எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தாள். இப்போது கம்ப்யூட்டர் தெரிந்தவரே சொல்லிவிட்டார்.

"சரி, சொல்லுடா," என்றாள் அக்கா. "இனிமே எதுல சேர்க்கறது?"

அவன் திரையில் கண்ணை ஓட்டினான். எல்லாம் அவன் எழுதிய வரிகள். எதைப் பற்றியும் அவனுக்கு எதுவும் தெரியாது. "ரெண்டாவதா இருக்கறது நல்லாயிருக்கும்க்கா."

"நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"உள்ள போய்த் திறந்து பாத்திருக்கியா?"

"அதான் சொல்றேனே! பாத்திருக்கேன். நல்ல கிளாஸ்."

அக்கா லேப்டாப்பை மெதுவாக மூடினாள். அவன் தூக்கம் பாக்கி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுந்தான். வாசலில் அவன் செருப்பை மாட்டும்வரை கதவைப் பிடித்தபடி நின்றாள் அக்கா. பிறகு உள்ளே கேட்காத குரலில் சொன்னாள்.

"பின்னல் கடிக்கறதப் படிச்சதுமே நீ எழுதினதுன்னு தெரிஞ்சுது. அதனாலதான்டா அன்னிக்கு அதுல சேர்த்தேன்."

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.