படத்துக்குப் பின்னால்

"செவுரு சாஞ்சி கொயந்த மேல வுயுந்துட்டா, கோர்ட்டுல இன்னா சார் பண்ணுவாங்க?"

பாடியில் ஒரு ஃபேக்டரியில் லேத் மிஷின் ஓட்டுகிற கோவிந்தன், வக்கீல் வீரராகவனின் மேஜைமேல் குனிந்து கேட்டான். அம்பத்தூரில் காலையிலிருந்தே ஐப்பசி மழை விட்டபாடில்லை.

"அபசகுனமா பேசாதேய்யா. எந்த ஊர் வீடு?"

"திருமுல்லவாயில் சார். குட்டையத் தூத்துக் கட்ன ஊடு. கூடத்துச் செவுத்துல கை போற அளவுக்கு வெடிப்பு. அத்தெ மறைச்சி முருகன் படம் மாட்டிக்கீது."

"வித்தவனுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார். வெடிப்பு வளருதான்னு பாக்கத் தேதி போட்டுக் காயிதம் ஒட்டினான். ரெண்டு மழைக்கு ரெண்டு காயிதமும் கியிஞ்சிபோச்சி. அப்பால வெள்ளையடிச்சி, படத்த மாட்டி, 'சாமி குடியிருந்த ஊடு, ஒரு மண்டலத்துக்குப் படத்துமேல கை வெக்காதீங்க'ன்னு சொல்லிட்டான்."

வக்கீல் சிரித்துவிட்டார். "முருகனையே கூட்டுக் களவாணி ஆக்கிட்டானே, எமகாதகன்! மண்டலம் முடியறதுக்குள்ளே நீ எடுத்துப் பார்த்தது நல்லதாப் போச்சு."

வெளியே இடி இடித்தது. சுவரே விழுந்ததுபோல் கோவிந்தன் துள்ளினான்.

"பயப்படாதே. தெரிஞ்சே மறைச்சது மோசடி. கிரயத்தை ரத்து பண்ணலாம், பணத்தைத் திரும்ப வாங்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். வெடிப்பு தெரிஞ்ச நாள்லேர்ந்து மூணு வருஷம் டயம் இருக்கு. போலீசுக்குப் போனா நானூத்தி இருபது. பயலை உள்ளே தள்ளிடலாம்."

அவர் தைரியம் சொல்லச் சொல்லக் கோவிந்தன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துகொண்டே போனான்.

"நேத்து பாத்தேன் சார். படத்துக்கு நேர் கீய கொயந்தைக்குத் தூளி கட்டிக்கீது."

வக்கீலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன்யா, வெடிப்பைப் பார்த்தவன் முதல்லே தூளியை இல்லே அவிழ்த்திருக்கணும்? கேஸ் நாளைக்குப் போட்டுக்கலாம், உசிரு போனா வருமா? நீயெல்லாம் ஒரு தகப்பனா?"

கோவிந்தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். குடையைக்கூட எடுக்காமல் வாசலுக்குப் போனவன், படியில் நின்று திரும்பினான்.

"ஜெயிலுன்னாலும் ஆவட்டும் சார், அடுத்த ரயில்லயே போயி அவுத்துடறேன். அந்தக் கொயந்த ஊட்ட வாங்கனவங்களுது... படத்துமேல கை வெக்காதீங்கன்னு சொல்லி வித்த பாவி நான்தான்."