ஆலைக் கறை

"மூஞ்சி வேணாம். கையைத் திருப்புங்க," என்றாள் லிபோரியா.

ஆகாயத்தாமரைத் திட்டோடு வடக்கேயிருந்து மிதந்து வந்த உடல். படகுத்துறைப் பலகையில் கிடத்திச் சாக்கால் மூடியிருந்தார்கள். முகத்தில் மீன்கள் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

உயரம் அனஸ்தாசியோவின் உயரம்தான். அந்த உயரத்துக்கு இந்த ஆற்றோரத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

அவள் புருஷன் அனஸ்தாசியோ வடக்கே மாட்டுப் பண்ணை வேலைக்குப் போனவன். சான் குவான் திருவிழாவுக்கு வந்துவிடுவேன் என்று படகுக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தான். திருவிழாவுக்கு இன்னும் மூன்று நாள்.

செத்தவன் யாரென்று தெரியாவிட்டால் இந்த ஊரில் உள்ளங்கையைத்தான் பார்ப்பார்கள். ஆலையில் கெப்ராச்சோ மரத்தைச் சீவி வேகவைத்துத் தோல் பதனிடச் சாறு இறக்குவார்கள். அந்தச் சாறு பட்ட கை பட்டதுதான். மணல் போட்டுத் தேய்த்தாலும் செம்பழுப்பு போகாது, மண்ணுக்குள்ளும் கூடவே வரும் என்பார்கள். கல்யாணத்தன்று அனஸ்தாசியோ அவளை அணைத்து ஆடினான். வேர்வையில் அவள் வெள்ளைக் கவுனின் முதுகில் இரண்டு கைகளும் அச்சாக விழுந்தன. ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

காவலர் குனிந்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

வெளுத்த உள்ளங்கை. ஒரு பொட்டுக் கறை இல்லை.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நம்மாளு இல்ல."

காவலர் தாளில் 'அடையாளம் தெரியாதவர்' என்று எழுதினார். பக்கத்து வீட்டு நிக்காசியா அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "நாந்தான் சொன்னேன்ல. உம் புருசன் தண்ணில முழுகுற ஆளாடி? எவன் படகுலயாச்சும் ஓசிச் சாராயம் குடிச்சிட்டுக் கெடப்பான்."

லிபோரியாவுக்குச் சிரிப்புகூட வந்தது.

ஆலையில் அனஸ்தாசியோவோடு ஒரே கொப்பரையடியில் வேலை பார்த்தவன் பிரவுலியோ. அவன் மட்டும் சிரிக்கவில்லை. கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குப் போங்க மதினி. மத்ததை நாங்க பாத்துக்குறோம்," என்றான்.

யாரென்று தெரியாவிட்டாலும் அவனையும் ஒருத்தி பெற்றிருப்பாள். அவனுக்காகச் சிலுவை போட லிபோரியா வலது கையை உயர்த்தினாள்.

நெற்றிக்குப் போகிற வழியில் கை நின்றுவிட்டது.

பதினேழு வருஷம் ஆலையில் காய்ந்த சாற்றுக்கட்டியை மூட்டை பிடித்துச் செம்பழுப்பேறிய கை. தினமும் சோறாக்குகிற, துணி துவைக்கிற, தலை சீவுகிற கை. இத்தனை நாளும் அவள் அதைப் பார்க்கவே இல்லை.

மரவள்ளி மாவு மாதிரி வெளுத்திருந்தது.

ஆலைச் சங்கு கடைசியாக ஊதி நாலு வருஷம் ஆகிறது.

அவள் பிரவுலியோவைப் பார்த்தாள். அவன் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.