இன்னும் வளரும் கோபுரம்

அந்த ஊரில் மணமக்கள் இருவரும் சேர்ந்து மாதா கோயிலின் மணிக்கோபுரத்தில் ஒரு கல்லை வைத்த பிறகுதான் மோதிரம் மாற்றுவார்கள். முந்நூறு ஆண்டுகளாக அது அப்படித்தான் உயர்ந்துகொண்டிருந்தது. மணக்கோலத்தில் கல்லைச் சுமந்து நின்ற ஓடிலியாவைப் பார்த்து, பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த மணமகனின் அப்பா சிரித்தார்.

"இன்னுமா முடிக்கல? எங்க ஊர்க் கோபுரம் என் பாட்டன் காலத்துலயே முடிஞ்சுபோச்சு."

"பாவம் மாமா. எங்களோடது இன்னும் வளருதே" என்றாள் ஓடிலியா.

ஊரே சிரித்தது. முகம் சிவந்த அவர் மகனின் கையைப் பிடித்தார். "கல்லு தூக்கவா வந்தோம்? வாடா, போவோம்!"

ஓடிலியா கெஞ்சவில்லை. வெள்ளை உடுப்பில் சுண்ணாம்பு அப்பிக்கொள்ள, கல்லோடு கோபுரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சாரத்தில் ஏறினாள். உச்சியில் பூசிவைத்த சாந்து காயத் தொடங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் ஏறிவரும் காலடியில் சாரப் பலகைகள் அதிர்ந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லின் மறுபக்கத்தை இன்னொருவர் பிடிக்க இடம்விட்டு நகர்ந்து நின்றாள்.