தலைகீழ் சென்சார்

"சென்சாரைத் தலைகீழா ஒட்டி வச்சிருக்கியே ஜுசாரா! சும்மா நிக்கிற பாட்டியெல்லாம் விழுந்துட்டாங்கன்னுல்ல அலாரம் கத்தும்!"

வால்டெமிர் சொன்னதைக் கேட்டு காம்பினாஸ் நகர அலுவலகமே சிரித்தது.

முதியவர்கள் விழுந்தால் கூவுகிற இடுப்புக் கருவி செய்யும் சின்னக் கம்பெனி அது. அதன் சர்க்யூட் போர்டை வரைந்தவள் ஜுசாரா. அதில் அசைவை அறியும் சென்சார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று கர்னலுக்கு, அதாவது கருவியை இயக்கும், உலகமே சேர்ந்து எழுதும் பொது மென்பொருளுக்கு, எழுதிச் சொல்வது வால்டெமிரின் வேலை.

"தலைகீழாதான் இருக்கு. அப்படியே எழுதிடு. கர்னலே நேர் பண்ணிக்கும்," என்றாள்.

"எழுதிட்டேன். ஏன் தலைகீழுன்னு காரணமும் எழுதியாச்சு. படி."

'போர்டை வரைந்த ஜுசாரா பிராகாவின் கவனக்குறைவு.'

அவள் முகம் சுண்டிவிட்டது. கர்னல் எழுதுபவர்களின் பொது மடற்குழுவுக்குப் போய்ச் சேரும் கடிதம் அது. போனால் போனதுதான். உலகமே படிக்கும், யாராலும் அழிக்க முடியாது. அவளுக்கோ இந்த மாதத்தோடு இங்கே வேலை முடிகிறது.

"என் பேரைப் போடணுமா, வால்டெமிர்? புதுசா வேலை குடுக்கறவன் தேடிப் பார்த்தா இதுதானே முதல்ல வந்து நிக்கும்?"

"உள்ளதை உள்ளபடி எழுதறதுதான் எங்க முறை. சிநேகிதிங்கறதுக்காக மூடி மறைக்க முடியாது."

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரி, அனுப்பு" என்று எழுந்து போய்விட்டாள்.

அனுப்பினான். நம் நியாயஸ்தன் அந்தத் திருப்தியில் ஒரு சீஸ் உருண்டையையும் வாயில் போட்டுக்கொண்டான்.

சிப் ஒட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தோனா லூர்டெஸ் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு ஏம்ப்பா கண்ணைத் துடைச்சிட்டுப் போறா?"

சொன்னான். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போர்டு அச்சுக்குப் போற அன்னைக்கு, 'சிம் கார்டுக்கு இடம் கேக்க மறந்துட்டேன்'னு அலறிட்டு ஓடி வந்தியே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா தோனா? முதலாளிக்குத் தெரிஞ்சிருந்தா என் சீட்டு கிழிஞ்சிருக்கும். நல்ல வேளை, ஜுசாரா எங்கேயோ இடம் பண்ணிக் குடுத்துட்டா."

"மேல இருந்த சென்சாரை எடுத்து அடிப்பக்கம் போட்டுத்தான் பண்ணிக் குடுத்தா. ஏன் இப்படின்னு முதலாளி கேட்டப்போ உன் பேரைச் சொல்லலை, தன் தப்புன்னு சொல்லிட்டா. அதுக்குத்தான்ப்பா அவளை வேலையை விட்டு அனுப்பறாங்க."