இடது கையின் பங்கு

பக்கவாதம் வந்த நாளிலிருந்து லியோவிகில்டோவின் இடது கை மடியிலேயே கிடந்தது. எறும்பு கடித்தாலும் அதற்குத் தெரியாது. கொங்கா முரசில் இடது கைதான் தாளத்தைத் தாங்கும்: உள்ளங்கை, விரல், உள்ளங்கை, விரல் என்று விடாமல் ஆடவேண்டும். அது எழாவிட்டால், சனிக்கிழமை ரும்பா ஆட்டபாட்டத்தில் முரசடிக்கும் அவருடைய முப்பது வருட நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான்.

மத்தான்சாஸ் ஊரில் வெயில் ஏறுவதற்குள் முற்றத்தில் உட்கார்ந்து தினமும் அதே பயிற்சியைச் செய்தார். வலது கையின் அடிகளை மட்டும் அடித்து, இடது கையின் இடங்களைக் காலியாக விட்டார். "எழுந்திருடா கழுத, உன் கால்ல விழறேன்" என்று அதனிடம் கெஞ்சுவார்.

வியாழக்கிழமை, சமையலறையில் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்த மனைவி இடால்மிஸ் கத்தினாள்: "யோவ் கிழவா! இடது கை வந்துடுச்சா? கேக்குதே!"

"வயித்தெரிச்சலக் கிளப்பாத, இடால்மிஸ்."

"சத்தியமாய்யா. உன் வலதுதான் பிந்துது."

அவர் காதைத் தீட்டிக்கொண்டு அடித்தார். காலியிடங்களில் உள்ளங்கை, விரல், உள்ளங்கை, விரல். இடது கை மடியில்தான் கிடந்தது. முரசின் இடப்பக்கத்துத் தோல் மட்டும் மெல்ல அமுங்கி எழுந்தது.

யார் அடிப்பது என்று அவர் கேட்கவில்லை. "சனிக்கிழமை வரைக்குமாவது போயிடாத சாமி" என்றார். கண் நிறைந்தது. துடைப்பதற்கு வலது கையை எடுத்தார்.

அடி நிற்கவில்லை.

"இப்பத்தான்யா ரெண்டு கையும் சமமா விழுது!" உள்ளேயிருந்து இடால்மிஸ் சிரித்தாள். "நிறுத்தாத, அப்படியே வாசி!"

லியோவிகில்டோ ஈரமான வலது கையை மெல்ல இறக்கி, இடது கையின் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டார்.