விட்ட பிடி

அறையில் இருந்தவர்கள்: டாக்டர், நர்ஸ், என் மாமியார், நான்.

தளர்ந்துபோன வயதான பெண்களுக்கு ஒரு செடியின் சத்து தெம்பு தருமா என்று சோதிக்கிறார்கள். மாமியாரும் அந்தச் சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறார். இன்றும் பலன் தெரியாவிட்டால் அவரை முதியோர் இல்லத்தில் விடுவதென்று நான் முடிவு செய்திருந்தேன். அது அவருக்கும் தெரியும்.

கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவியை அவர் அழுத்தினார். முள் ஏறியது.

"மருமக கழுத்துன்னு நெனச்சுட்டீங்களா?" என்று நர்ஸ் சிரித்தாள்.

"போதும்மா, விடுங்க," என்றார் டாக்டர்.

"நான் அப்பவே விட்டுட்டேனே."

உண்மைதான். அவர் கைகள் மடியில் இருந்தன. கருவி மேசைமேல் தனியாகக் கிடந்தது. முள் மேலும் ஏறியது. அதன் இரும்புப் பிடி மெல்ல வளைந்தது.

டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "நல்ல முன்னேற்றம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

வீட்டு வாசலில் ஏதோ என் மணிக்கட்டை இறுகப் பற்றியது. அத்தை எனக்கு முன்னால் நின்று இரண்டு கைகளாலும் கதவைத் தள்ளித் திறந்துகொண்டிருந்தார்.

"அத்தை, வலிக்குது. விடுங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் எங்கேயும் போக வேணாம்ல?"

"வேணாம் அத்தை."

பிடி தளரவில்லை. அது என்னை அத்தையைத் தாண்டி உள்ளே இழுத்துப் போனது. அத்தை எனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.